கவிழ்த்துப் பார்க்காத நாற்காலி

என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் நாற்காலிக்கு நான்கு கால்கள். அவற்றில் மூன்றுதான் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்தக் கணக்கு எனக்குத் தெரியவந்தபோது நாற்காலி வீட்டுக்கு வந்து பதினோரு மாதங்கள் ஆகிவிட்டிருந்தன. பணம் கட்டி, ரயிலில் சுமந்து வந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் "பதினைந்தாம் லூயி காலத்து நாற்காலி" என்று, 18ஆம் நூற்றாண்டில் பிரான்சை ஆண்ட மன்னரின் பெயரைச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் முடித்திருந்தேன்.

நான் காரைக்கால்காரன். பாரிசுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு ஹோட்டலில் இரவுநேர வரவேற்பாளன். வந்த புதிதில் ஆறு ஆண்டுகள், வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தேன். பழைய கட்டடங்களின் லிஃப்ட்டில் ஆளே ஒடுங்கித்தான் நிற்க முடியும். சாமான்கள் எல்லாம் மாடிப்படியில்தான் ஏற வேண்டும். முதல் வாரமே மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய நாற்காலி ஒன்றை அதன் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிட்டேன். "அது கையை வைத்துக்கொள்வதற்கு, தூக்குவதற்கு அல்ல! உட்காரும் இடத்துக்குக் கீழே சட்டம் இருக்கிறதே, அதைப் பிடி" என்று கத்தினார்.

அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. நாற்காலியின் கை முதுகுச் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருப்பது விரல் அகலத்துக்கு ஓர் இணைப்பு மட்டும்தான். 250 ஆண்டுகள் தாங்கியது ஒரே இழுப்பில் விட்டுப்போகும். இன்றும் யார் வீட்டில் பழைய நாற்காலியை நகர்த்தினாலும் என் கை தானாகவே அடிச்சட்டத்துக்குத்தான் போகிறது.

சட்டத்தைப் பிடித்துத் தூக்கினால் அதன் முன்பக்கச் செதுக்கல் நேராக முகத்துக்கு எதிரே வந்துவிடும். ஐந்து மாடி ஏறும்வரை பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. நடுவில் இரண்டு சிறு பூக்கள், இருபுறமும் வளைந்தோடும் இலை, அந்த வளைவு அப்படியே வழிந்து காலாக இறங்கும். ஒட்டவைத்த பூ அல்ல. சட்டமும் பூவும் ஒரே கட்டை. இதழின் ஓரத்தில் உளி நின்று திரும்பிய இடம்கூடத் தெரியும். எனக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற ஆசை அந்த மாடிப்படிகளில்தான் வந்தது.

நிறைவேறியது மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான். இந்த வகைச் சாமான்களின் மீது இளையவர்களுக்கு மோகம் குறைந்துவிட்டது. பெயர்பெற்ற கைவினைஞரின் முத்திரை இல்லாத ஒற்றை நாற்காலி இன்று ஏலத்தில் சில நூறு யூரோவுக்கே போய்விடுகிறது. (ஜோடியாக இருந்தால் கதையே வேறு, இரண்டின் விலை ஒன்றைப்போல் இருமடங்கு அல்ல, அதற்கும் மேலே போகும்.) பாரிசிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் ஊர். அங்கே ஓர் ஏலக்கூடம். ஏலத்துக்கு முந்தைய நாள், பொருள்களை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

போனேன். என் நாற்காலி சன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தது. முதுகு சற்றே உட்குழிந்து, உட்காருகிறவரின் தோளை வாங்கிக்கொள்ளும் வகை, கப்ரியோலே என்பார்கள். முதுகு தட்டையாக இருந்தால் அது சுவரோரம் நிற்பதற்கென்றே செய்தது; உட்குழிந்தது, பேசிக்கொண்டிருப்பவர்களின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வதற்கு. கைகளைத் தாங்கும் கட்டைகள் முன்கால்களுக்கு நேர்மேலே எழவில்லை, ஒரு சாண் பின்தள்ளி எழுந்தன. அந்தக் காலத்துப் பெண்கள் வளையம் வைத்து விரித்த பாவாடை அணிந்தார்கள். அது நசுங்காமல் உட்கார இந்த ஏற்பாடு. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததுதான் வினை. அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு வரும் துணிச்சலோடு, சுற்றி வந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன், தலையை ஆட்டிக்கொண்டேன்.

கவிழ்த்துப் பார்க்கவில்லை.

கூச்சம்தான் காரணம். அடுத்தவர் பொருளைத் தலைகீழாகப் புரட்டுவது மரியாதையில்லை என்று வளர்ந்தவன். அந்தக் கூடத்தில் என் நிறத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான் என்பதும் உண்மை. இத்தனைக்கும் எனக்கு மூன்று கெஜம் தள்ளி, கோட்டும் டையும் அணிந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தரையில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒரு மேசையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்கூட ஊழியர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

மறுநாள் 400 யூரோவுக்குச் சுத்தியல் விழுந்தது. அதன்மேல் ஏலக்கூடத்தின் கட்டணம் 25 சதவீதம். ஆக 500. ஏலத்துக்குப் புதியவர்கள் மறந்துவிடுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான். மனத்தில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டு போனால், கட்டணத்தையும் சேர்த்து அந்த வரம்பு இருக்க வேண்டும்.

"ஏங்க, இதில் உட்காரலாமா, சும்மா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். உட்காரலாம், மெதுவாக, என்றேன். அவள் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த தவறு, கவிழ்த்துப் பார்க்காததைவிடப் பெரியது. நாற்காலி முழுவதும் அடர் பழுப்பு நிறம். இது அழுக்கும் பழைய வார்னிஷும் கலந்தது, அடியில் நல்ல மரம் இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளை எடுத்து நாற்காலியின் வலது கையைத் தேய்க்க ஆரம்பித்தேன். வெளிறிய மரம் வெளியே வந்தது. கூடவே மண்புழு ஊர்ந்த தடம்போல நீளநீளமாகச் சில பள்ளங்களும் தெரிந்தன. நெஞ்சு திக்கென்றது. நிறுத்திவிட்டேன்.

மே மாதம் வந்தது. ஒரு காலை, பின்காலின் அடியில் ரவைபோல ஒரு சிட்டிகைத் தூள். பெருக்கினேன். இரண்டு நாளில் மறுபடியும். ஊரில் உத்தரம் உளுத்துக் கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "மண்ணெண்ணெய் ஊற்றுப்பா, செத்துப்போகும்" என்றார். ஊற்றியிருப்பேன். அன்றைக்கு வீட்டில் மண்ணெண்ணெய் இல்லாததால் நாற்காலி பிழைத்தது.

ஃபோபூர் சேந்த் அந்துவான் பாரிசின் பழைய தச்சர் பேட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே வேலை செய்தவர்களில் பலர் கைவினைச் சங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்படாதவர்கள். அந்தத் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் ஓர் அம்மாளிடம் நாற்காலியைக் கொண்டுபோனேன். வயது அறுபதுக்கு மேல். நான் கதையைத் தொடங்குவதற்குள் நாற்காலியை ஒரு போர்வையின்மேல் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். ஏலக்கூடத்தில் நான் செய்திருக்க வேண்டிய வேலை. பத்து விநாடிதான் ஆயிற்று.

முதலில் அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியைக் கழற்றினார். சட்டத்தின் உட்பக்கம் தெரிந்தது. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். அப்படிப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கிறது. பின்சட்டத்தில் நேர்நேரான, ஒன்றுக்கொன்று இடைவெளி சமமில்லாத கோடுகள். கையால் இழுத்த ரம்பம் என்றார். வட்ட ரம்பம் அறுத்திருந்தால் கோடுகள் வில்போல வளைந்திருக்கும். அது 19ஆம் நூற்றாண்டின் சங்கதி. வளைவுக் கோடு கண்டால் மேலே எவ்வளவு அழகாகச் செதுக்கியிருந்தாலும் லூயியை மறந்துவிடலாம்.

அடுத்து ஆணித் துளைகள். துணியும் மெத்தையும் 250 ஆண்டுகளில் எத்தனையோ முறை மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஆணி அடித்திருப்பார்கள். சட்டத்தின் விளிம்பு சல்லடையாக இருக்க வேண்டும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. ஒரே வரிசைத் துளை மட்டும் இருந்தால், கட்டை புதியது அல்லது சட்டமே மாற்றப்பட்டது. அவர் விரல் சட்டத்தின் ஓரமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இடது முன்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இங்கே தொட்டுப் பாருங்கள்."

இந்த நாற்காலிகளில் ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் போய் உட்காரும். அதைக் குறுக்கே ஒரு மர ஆணி பூட்டி வைக்கும். அந்த ஆணியைத் தச்சர் கத்தியால் சீவியிருப்பார். உருண்டையாக இருக்காது, எண்கோணம்போல ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். சுற்றியிருக்கும் மரம் காலப்போக்கில் சுருங்கிவிடுவதால் ஆணியின் தலை மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று மூலைகளில் விரலுக்கு அது தட்டுப்பட்டது. இடது முன்மூலையில் வழவழவென்று இருந்தது. கடையில் வாங்கிய உருளைக் குச்சி, கச்சிதமான வட்டம்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் படத் தொடங்கின. மூன்று கால்களில் வண்டுத் துளைகள் இருந்தன, நான்காவதில் ஒன்றுகூட இல்லை. முழங்கால் வளைவில் உள்ள பூவை இரண்டு முன்கால்களிலும் மாறிமாறிப் பார்க்கச் சொன்னார். வலது காலின் பூவில் ஐந்து இதழ். ஒவ்வொன்றின் நடுநரம்பும் ஒரே இழுப்பில் விழுந்த வெட்டு, தொடங்கும் இடத்தில் ஆழம், முடிவில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோகிறது. இடது காலிலும் ஐந்து இதழ், அதே நரம்பு. ஆனால் ஒவ்வொரு நரம்பும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆழம். "முதலாமவர் பூவைச் செதுக்கினார். இரண்டாமவர் முதலாமவரின் செதுக்கலைச் செதுக்கினார்" என்றார். இத்தனை மாதம் தினமும் பார்த்த பூ. ஒரு நாளும் எனக்கு அது தெரியவில்லை.

பிறகு அவர் முகம் மாறியது. வலது கையில் நான் தேய்த்த இடத்தைப் பார்த்துவிட்டார். "இது என்ன, இந்தப் பள்ளங்கள்?"

வண்டு மரத்தை விட்டு வெளியேறும்போது போடுவது வட்டத் துளை. குறுக்களவு ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். அதன் சுரங்கப்பாதை உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். அந்தப் பாதையே வாய்க்கால்போல மேற்பரப்பில் தெரிந்தால், உளுத்த பிறகு மரத்தை அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய வீட்டுச் சாமான்களின் கட்டையை எடுத்து இளைத்துப் "பழைய" நாற்காலி செய்கிறவர்களைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் இது முக்கியமானது. அந்த அம்மாள் ஒரு கணம் முழு நாற்காலியையுமே சந்தேகப்பட்டார். உப்புத்தாள் கதையைச் சொல்லித் தலைகுனிந்தேன். நல்ல கை ஒன்றை நானே போலியின் தோற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அதைவிட மோசமானது அடுத்தது. பூவின் இடுக்கில் ஒட்டியிருந்த ஒரு பொட்டை உருப்பெருக்கியில் காட்டினார். மரத்தின்மேல் வெள்ளை, சுண்ணப்பொடியும் வச்சிரப் பசையும் கலந்த பூச்சு. அதன்மேல் சாம்பல் நிறம். அதற்கும் மேலேதான் நான் அழுக்கு என்று நினைத்த பழுப்பு. என் நாற்காலி பீச் மரம். அந்தக் காலத்தில் பீச் மரத்தை வெறுமனே விடமாட்டார்கள். வண்ணம் பூசுவார்கள், அல்லது தங்கரேக்கு ஒட்டுவார்கள். மெழுகு மட்டும் பூசி மரத்தின் அழகைக் காட்டியது பெரும்பாலும் வால்நட்டில். பின்வந்த காலங்களில் ரசனை மாறி, வண்ணத்தைச் சுரண்டியெடுத்து வால்நட் போலத் தெரியச் சாயம் ஏற்றிவிட்டார்கள். அந்தச் சுரண்டலுக்கும் தப்பிய சாம்பல் நிறம் சில இடுக்குகளில் மிச்சமிருந்தது. வலது கையின் இடுக்குகளில் அது இல்லை. அதைத் துடைத்தெடுத்தது முந்தைய நூற்றாண்டுகளின் ரசனை அல்ல, நான். உங்களிடம் இப்படி ஒன்று வந்தால் ஓராண்டு காலம் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதைத் தவிர எதையும் செய்யாதீர்கள். தங்கரேக்கு ஒட்டியதாக இருந்தால் ஈரத்துணிகூடக் கூடாது. அடியில் இருப்பது தண்ணீரில் கரையும் பசை.

முத்திரை பற்றிக் கேட்டேன். பாரிசின் சங்க விதிகள் 1743இல் எழுதப்பட்டு 1751இல் நடைமுறைக்கு வந்தன. கைவினைஞர் தம் பெயரை இரும்பு அச்சால் சட்டத்தில் குத்த வேண்டும். 1791இல் சங்கங்கள் ஒழிக்கப்படும்வரை இது நீடித்தது. ஜார்ஜ் ஜகோப், லூயி தெலனுவா போன்ற பெயர்பெற்ற நாற்காலித் தச்சர்களின் பெயர் இருந்தால் விலை எங்கோ போய்விடும். லியோனில் இருந்த நொகாரே என்ற தச்சர் ஊர்ப்பெயரையும் சேர்த்தே குத்தினார். என்னுடையதில் ஒன்றும் இல்லை. "இல்லாததால் போலி ஆகாது. இருந்தால் அசல் என்றும் ஆகாது" என்றார் அந்த அம்மாள், இரும்பு அச்சைச் செய்வது நாற்காலியைச் செய்வதைவிட எளிது. வெர்சாய் அரண்மனையே 18ஆம் நூற்றாண்டு நாற்காலிகள் என்று நம்பிப் போலிகளை வாங்கிய விவகாரம் 2016இல் வெடித்தது. அவற்றை உருவாக்கியவர்களில் ஒருவர் அந்தக் காலத்து நாற்காலிகளுக்கே பெயர்போன நிபுணர், மற்றவர் கைதேர்ந்த மரச்சிற்பி. 2025 ஜூனில் இருவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

"ஏலக்கூடத்தின்மேல் வழக்குப் போடலாமா?" என்றும் கேட்டேன். பட்டியலை எடுத்து வரச் சொன்னார். பிரான்சில் 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணை ஒன்று இருக்கிறது. பட்டியலில் "பதினைந்தாம் லூயி எபோக்" என்று போட்டால், பொருள் அந்தக் காலத்தில் செய்தது என்பதற்கு விற்பவர் உத்தரவாதம் தருகிறார். "பதினைந்தாம் லூயி ஸ்தீல்" என்று போட்டால் அந்தப் பாணியில் இருக்கிறது என்பதோடு சரி. நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். பின்னாளில் சேர்த்த பகுதிகள் இருந்தால் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஏலத்தில் வாங்கியதற்கு ஐந்து ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம்.

என் பட்டியலில் "எபோக்" என்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, கடைசி வரியில், பொடி எழுத்தில்: பழுதுபார்ப்புகளும் பின்னாளில் மாற்றிய பகுதிகளும் உண்டு. அந்த வரியை நான் படிக்கவே இல்லை. முந்தைய நாள் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்தப் பகுதி, எப்போது என்று கேட்டிருந்தால் பொருளின் நிலையை எழுதித் தந்திருப்பார்கள். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

"அந்தப் புதுக் காலை என்ன செய்வது?" என்றேன்.

"நன்றாகத்தானே நிற்கிறது. அதை ஏன் தொட வேண்டும்?"

அவர் தொட்டது வேறு இடங்களை. இருக்கைக்கு அடியில் யாரோ ஒருவர் இரும்பு எல்-பட்டை வைத்துத் திருகாணி முடுக்கியிருந்தார். அந்தத் துருவும் முறுக்கும் சேர்ந்து சட்டத்தையே பிளந்துகொண்டிருந்தன. அதை எடுத்துவிட்டு, ஆடிய மூட்டுகளை வச்சிரத்தால் ஒட்டினார். நம் ஊர்த் தச்சர்கள் முன்பு அடுப்பில் உருக்கிய அதே வச்சிரம்தான். வேண்டும்போது சூடும் ஈரமும் காட்டிப் பிரித்துவிடலாம். எப்பாக்சியோ வெள்ளைப் பசையோ போட்டால் அடுத்த முறை பிரிப்பவர் மரத்தை உடைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். இருக்கைக்குள் சுருள்வில்கள் இருந்தன. அவை 19ஆம் நூற்றாண்டில் வந்த வழக்கம், இந்த வகை நாற்காலிக்குச் சேராதவை. எடுத்துவிட்டுச் சணல் பட்டை பின்னி, பழைய குதிரைமுடியையே கழுவிச் சிக்கெடுத்துத் திரும்ப அடைத்தார். இருக்கை நான்கு விரல் தாழ்ந்தது. கைகள் சரியான உயரத்துக்கு வந்தன. சட்டமும் மெத்தையும் சேர்த்து 900 யூரோ ஆயிற்று. நாற்காலியைவிட மெத்தைக்கு அதிகம் செலவாகும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்; நான் வைக்கவில்லை, மனைவியிடம் சொன்ன தொகையும் வேறு.

வண்டுக்குக் காற்றுப்புகாத உறையில் நைட்ரஜன் நிரப்பிச் சில வாரங்கள் வைத்தார்கள். மருந்து ஊசியால் ஏற்றுவதும் உண்டு, ஆனால் அதில் பெரும்பாலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். மண்ணெண்ணெய் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் எதுவும் சொல்லாமல் என்னையே பார்த்தார்.

நாற்காலி திரும்பி வந்ததிலிருந்து ரேடியேட்டருக்கும் சன்னலுக்கும் எட்டத்தில் நிற்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டு மூட்டுகள் தளர்ந்துவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு சிறிய ஈரப்பதமானி. முள் ஐம்பதைச் சுற்றி நின்றால் நல்லது. மனைவி இப்போது அதில்தான் உட்கார்ந்து மாலைத் தேநீர் குடிக்கிறாள். விருந்தாளிகள் வந்தால், எந்தக் கால் புதியது கண்டுபிடியுங்கள் என்று அவளே தொடங்கிவிடுகிறாள். இதுவரை யாரும் சரியாகச் சொல்லவில்லை.

வண்டு வெளியே வரும் பருவத்தில் அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து வைக்கச் சொல்லியிருந்தார் அந்த அம்மாள். புதுத் தூள் விழுந்தால் உடனே தெரியும். இந்த மே மாதம் ஒரு காலையில் தாளின்மேல் வெளிர் நிறத் தூளைப் பார்த்துப் பதறி, விரலில் தொட்டு உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். முந்தின நாள் என் மகள் அதில் உட்கார்ந்து தின்ற பிஸ்கெட்.